சுவருக்குப் போன வாட்

எத்திராஜ் போட்ட கணக்கு, அவர் அளவில், சரிதான்.
ராடின் கழுத்திலேயே அச்சடித்திருக்கிறது
ஆயிரத்து ஐநூறு வாட் என்று.
நான் ஸ்விட்சைத் தட்டும் சத்தம்
நடுச்சுவரைத் தாண்டி அவருக்குக் கேட்கும்.
காலண்டரின் அன்றைய கட்டத்தில் நேரத்தைக் குறிப்பார்,
அணைக்கும்போது இன்னொரு தடவை.
முப்பது நாளும் நாற்பத்தொரு நிமிஷம்,
யூனிட் ஒன்பது ரூபாய்,
வாடகைக்கு மேல் இருநூற்று எழுபத்தேழு.

"ரெண்டு பக்கெட் வெந்நீருக்கு
இன்னாம்மா இவ்ளோ நேரம்?"

எனக்கும் அதே கேள்விதான்.
போன வீட்டில் இதே ராடு, இதே வாளி,
இருபத்தைந்து நிமிஷத்தில் ஆவி பறந்தது.

இரவெல்லாம் ஹார்பர் யார்டில்
இறால் ஏற்றிய குளிர்க் கன்டெய்னர்களுக்கு
எத்தனை ஆம்பியர் ஓடுகிறதென்று எழுதுவது என் வேலை.
விடிந்ததும் கொருக்குப்பேட்டை கேட்டில்
டேங்கர் ரயில் மொத்தமும் கடக்கிறவரை நின்று
வீடு வந்து பையைக் கவிழ்த்தால்
டிபன் பாக்ஸோடு கிளாம்ப் மீட்டரும் விழுந்தது,
ஸ்டோரில் திருப்பித் தர மறந்தது.

சரி, பார்த்துவிடலாம்.

ராடு போடும் முன் 228 வோல்ட்.
போட்ட பின் 180.
ஒயரைப் பிரித்து ஒற்றை இழையை மட்டும் கவ்வினேன்.
இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் சுழியம்தான் காட்டும்,
போனதும் வந்ததும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு
எதுவுமே நடக்காதது மாதிரி.
5.1 ஆம்பியர்.

கேஸ் ரசீதின் பின்பக்கம் எழுதினேன்.
நூற்றெண்பதை ஐந்து புள்ளி ஒன்றால் வகுத்தால்
முப்பத்தைந்து ஓம் சொச்சம்.
இது ராடின் பிறவிக் குணம், அது மாறவில்லை.
பெருக்கினால் 918 வாட்.
ஆயிரத்து ஐநூறு எங்கே, இது எங்கே.
வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறைகிறது,
இரண்டும் சேர்ந்து வாட்டைத் தின்கின்றன.
அதனால்தான் நாற்பத்தொரு நிமிஷம்.
குறைந்த சூட்டுக்கு நிறைந்த விலை,
கூடுதல் நிமிஷத்துக்கும் சேர்த்து.

சண்டைக்கு இது போதும்.
துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்,
வாசலில் நின்றுவிட்டேன்.

நாற்பத்தெட்டு வோல்ட் எங்கே போனது?

தெரு லைனில் குறையவில்லை,
ராடு போடாதபோது முழுசாகத்தானே இருந்தது.
அவர் மெயினுக்கும் என் பிளக்குக்கும் நடுவில்
எங்கோ ஒன்பதரை ஓம் உட்கார்ந்திருக்கிறது.
நாற்பத்தெட்டை ஐந்து புள்ளி ஒன்றால் பெருக்கினேன்.
245 வாட்.
தண்ணீருக்குப் போகாத 245.

செருப்பைக் கழற்றிவிட்டு
சுவரைத் தடவிக்கொண்டே போனேன்,
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற மாதிரி.
சுவிட்ச் பெட்டிக்கு மேல் ஒரு சாண்,
பச்சை டிஸ்டெம்பர் உப்பியிருந்த இடம்,
சுட்டது.

எத்திராஜ் கதவைத் திறக்கும்போதே
"துட்டு ஜாஸ்தின்னு சொல்ல வந்தியா?" என்றார்.
"உங்க காலண்டரை எடுங்க" என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
ஆணியிலிருந்து எடுத்தார்.
அட்டையின் பின்புறம்
தோசையின் அடிபோலச் சிவந்திருந்தது.
என் நிமிஷங்களை எல்லாம் அவர் எழுதிவைத்த தாள்
ஓரம் சுருண்டு, தொட்டால் பொடிந்தது.

உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்,
வெடுக்கென்று எடுத்தார்,
நம்பாமல் திரும்ப வைத்தார்.
"யாரோ முறுக்கி டேப் சுத்திட்டுப் போயிருக்கான்" என்றேன்.
"நான்தாம்மா" என்றார், சன்னமாக.

ரசீதை நீட்டவில்லை.
அதில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது:
அந்த இருநூற்று நாற்பத்தைந்து யார் தலையில்?
அவர் மீட்டர்தான் அதையும் சேர்த்துச் சுற்றுகிறது,
என் வெந்நீருக்காகத்தான் அது எரிகிறது.
அதை வகுக்க எனக்கு ஃபார்முலா தெரியாது.

ஓடிப்போய் மெயினை இறக்கினார்.
வரிசையில் ஆறு வீட்டு ஃபேனும் நின்று
"யார்றா அது" என்று மாடியிலிருந்து குரல்கள்.

இருட்டில் என் பாத்ரூமுக்குத் திரும்பி
வாளிக்குள் விரலை விட்டேன்.
சுவர் அளவுக்குக்கூடச் சுட்டிருக்கவில்லை.